தொற்றும் தொட்டிலும்

கருத்தரிப்பு மையங்களின் காத்திருப்புக் கூடங்களில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு கேள்வி உலவி வருகிறது. "எனக்குக் கொரோனா வந்து போனது, கரு தங்காமற் போனதற்கு அதுதான் காரணமா?" மருத்துவர் அறையில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் இக்கேள்வி, வீட்டுக் கூடத்தில் வேறு வாய்களின் வழியே கேள்விக்குறியை இழந்து தீர்ப்பாக மாறிவிடுவதும் உண்டு. "அவளுக்குத்தான் கொரோனா வந்துச்சே, அப்புறம் எப்படி நிக்கும்?" கேட்பவரும் பெரும்பாலும் பெண், தீர்ப்புக்கு ஆளாகிறவரும் பெண்.

இலக்கியப் பக்கமொன்றில் இந்தப் பேச்சு எதற்கு என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். பிள்ளைப்பேறின்மை என்பது தமிழில் ஒருபோதும் வெறும் மருத்துவச் செய்தியாக இருந்ததில்லை என்பதே நமது விடை. வள்ளுவர் மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றின் 188ஆம் பாட்டில் செல்வத்தையும் மழலையையும் அருகருகே நிறுத்தினான். பெருமாள்முருகன் 2010இல் 'மாதொருபாகன்' எழுதினார். அந்நாவலில் காளியும் ஊராரின் ஏளனத்துக்கு ஆளாகிறான். ஆயினும் மாற்று வழி தேடும் சுமை பொன்னாவின் உடல்மீதே ஏற்றப்படுகிறது. அகராதியில் மலடி, மலடன் என்னும் இரு சொற்களுக்கும் இடம் உண்டு. ஊர் வழக்கில் முன்னது காதில் விழுகிற அளவுக்குப் பின்னது விழுவதில்லை. இத்தகைய மொழிக்குள் வந்து சேரும் எந்த நோயும், அது எந்த நாட்டில் பிறந்ததாயினும், பழியின் பழைய வாய்க்காலிலேயே ஓடத் தொடங்கிவிடும். கொரோனாவும் அவ்வாறே ஓடியது.

நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. ஆய்வுகள் இதுவரை காட்டியிருப்பதைத் தொகுத்து நோக்கினால், லேசாக வந்து போன கொரோனாத் தொற்று, சில வாரங்கள் கடந்தபின், செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையின் பலனைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. குறுகிய காலத்துக்கேனும் அளவிடத்தக்க பாதிப்பு மிகத் தெளிவாகத் தென்பட்டது ஆணிடத்தில். இவ்விரண்டுக்கும் மேலாக, பிள்ளைக்காகக் காத்திருந்த தம்பதியரிடமிருந்து பெருந்தொற்று பறித்துக்கொண்டது கருமுட்டையை அன்று, காலத்தை. நமது பேச்சோ இம்மூன்றையும் தலைகீழாக்கி வைத்திருக்கிறது.

ஐயம் எழுந்ததில் பிழையில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கிருமி மனித உயிரணுவுக்குள் நுழைவதற்குப் பற்றிக்கொள்ளும் ஏற்பி 'ஏசிஇ2' எனப்படும் புரதம். அது நுரையீரலில் மட்டும் இருப்பதன்று. விதைப்பையிலும் சூலகத்திலும் கருப்பையின் உட்சுவரிலும் உண்டு. பூட்டு இருக்கும் இடமெல்லாம் சாவி நுழையுமோ என்று அறிவியலாளர் அஞ்சியது இயல்பே. முன்னுதாரணமும் இருந்தது. பருவமடைந்த ஆண்களைப் பொன்னுக்குவீங்கி தாக்கினால் விதைகள் வீங்குவதும், சிலருக்கு விந்தணு உற்பத்தி குன்றுவதும் மருத்துவம் நெடுங்காலமாக அறிந்தவை. 2020 மே மாதம் சீனத்தின் ஷாங்சியூ நகர மருத்துவமனையிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. தொற்றுக்குள்ளான 38 ஆண்களில் 6 பேரின் விந்தில் கிருமியின் தடயம் காணப்பட்டதாக அது கூறிற்று. செய்தித்தாள்கள் அதைப் பெரிய எழுத்தில் வெளியிட்டன. நோயினின்று மீண்டவர்களை ஆராய்ந்த பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் அத்தகைய தடயத்தைக் காணவில்லை என்பது மட்டும் சிறிய எழுத்திலும் பலருடைய கண்ணில் படவில்லை.

இனி, சிகிச்சை பெற்ற பெண்களிடம் கண்டறியப்பட்டவற்றைப் பார்ப்போம். பெருந்தொற்று முதலில் தாக்கிய வூகான் நகரத்தின் தோங்ஜி மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் 2021இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டனர். அறிகுறியின்றியோ லேசாகவோ தொற்று வந்து போனதற்கான எதிர்ப்பொருள் குருதியில் இருந்த 65 பெண்கள் ஒருபுறம். தொற்றுக்கு ஆளாகாத 195 பெண்கள் மறுபுறம். எடுக்கப்பட்ட கருமுட்டைகளின் எண்ணிக்கை, முதிர்ச்சி, கருவுறுதல் ஆகியவற்றில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆய்வகத்தில் ஐந்தாம் நாள்வரை வளர்ந்து நிற்கும் கருக்களின் விகிதத்தில் மட்டும் சிறு வேறுபாடு தென்பட்டது. கருத்தரிப்பு விகிதத்தில் அது எதிரொலிக்கவில்லை. பாரிஸ் நகரில் நடந்த மற்றோர் ஆய்வு, சூலகத்தின் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற சுரப்பின் அளவு லேசான தொற்றினால் குறைவதில்லை என்று கண்டது.

இவ்விடத்தில் இஸ்ரேலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. இத்துறை ஆய்வுகள் பல அங்கிருந்து வந்தமைக்குக் காரணம் உண்டு. அந்நாட்டில் 45 வயது வரையுள்ள பெண்ணுக்கு, இரண்டு குழந்தைகள் பிறக்கும்வரை, சோதனைக்குழாய்ச் சிகிச்சைச் செலவைப் பொது மருத்துவக் காப்பீடே ஏற்கிறது. ஆகவே மக்கள்தொகையோடு ஒப்பிட அங்கு நடைபெறும் சிகிச்சைச் சுற்றுகள் மிக அதிகம். தடுப்பூசியும் 2020 டிசம்பரிலேயே பெருவாரியாக அங்குப் போடப்பட்டது. ஒரே பெண்ணின் தடுப்பூசிக்கு முந்தைய சுற்றையும் பிந்தைய சுற்றையும், தொற்றுக்கு ஆளானவரையும் ஆகாதவரையும் ஒப்பிடும் வாய்ப்பு அங்குள்ள மருத்துவர்களுக்கு எளிதாகக் கிட்டிற்று.

அவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தொற்று வந்து போன 121 பெண்கள், அதே வயதுடைய, தொற்று வராத 121 பெண்களோடு ஒப்பிடப்பட்டனர். புதிய கருவை உடனே கருப்பையில் வைத்த சுற்றுகளில் முதற்சாராரில் 43 விழுக்காட்டினரும் இரண்டாம் சாராரில் 40 விழுக்காட்டினரும் கருத்தரித்தனர். அதாவது, பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எனினும் ஆய்வாளர்கள் ஒரு குறிப்பை மறைக்காமல் எழுதினார்கள். தொற்று வந்து ஆறு மாதங்களுக்கு மேலானவர்களிடம் எடுக்கப்பட்ட முட்டைகளின் எண்ணிக்கை சற்றுக் குறைந்திருந்தது. அந்த உட்பிரிவு சிறியது, காரணமும் துலங்கவில்லை, மேலும் ஆராய வேண்டும் என்றனர். உறைய வைத்த கருவைப் பின்னர் கருப்பையில் வைக்கும் சுற்றுகளைத் தனியே ஆராய்ந்தபோது வேறொரு குறிப்பு கிட்டியது. தொற்று வந்த 60 நாள்களுக்குள் கரு வைக்கப்பட்டவர்களிடம் கருத்தரிப்பு குறைவாக இருந்தது. அதற்குப்பின் வைக்கப்பட்டவர்களிடம் அக்குறை காணப்படவில்லை. இதுவும் சில பத்துப் பெண்களை மட்டுமே கொண்டு பெறப்பட்ட முடிவு. ஆயினும் நடைமுறைக்கு உதவும் ஓர் அறிவுரை இதனுள் இருக்கிறது. உறைந்த கரு கெட்டுப்போகாது. காய்ச்சலில் கிடந்து எழுந்த உடலுக்கு இரண்டு மாத ஓய்வு கொடுத்துவிட்டுக் கருவை வைத்தால் இழப்பு ஏதுமில்லை.

ஆணின் பக்கம் திரும்புவோம். நமது பேச்சு திரும்ப மறுக்கும் பக்கம் அது. பெல்ஜியத்தில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், தொற்றிலிருந்து மீண்ட 120 ஆண்களின் விந்து சோதிக்கப்பட்டது. தொற்று வந்து ஒரு மாதத்துக்குள் சோதிக்கப்பட்டவர்களில் 60 விழுக்காட்டினரிடம் விந்தணுக்களின் இயக்கம் குறைந்திருந்தது. ஒன்று முதல் இரண்டு மாதங்களுக்குள் சோதிக்கப்பட்டவர்களில் இது 37 விழுக்காடு. இரண்டு மாதங்களுக்குப் பிறகு 28 விழுக்காடு. எண்ணிக்கைக் குறைவும் அவ்வாறே 37, 29, 6 என்று இறங்கி வந்தது. மருத்துவ உலகத்துக்கு இது வியப்பன்று. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாள்கள் வேண்டும். எந்தக் காய்ச்சலானாலும் அந்தச் சூட்டில் உற்பத்தி குலைவதும், மூன்று மாதங்களில் மீள்வதும் கொரோனாவுக்கு முன்பே அறியப்பட்டவை.

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைக்காக இயற்கையாக முயன்றுகொண்டிருந்த 2,126 பெண்களைத் தொடர்ந்து கண்காணித்து, 2022இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பெண்ணுக்கு வந்த தொற்று கருத்தரிக்கும் வாய்ப்பைக் குறைத்ததாக அவர்கள் காணவில்லை. ஆணுக்கு அண்மையில், அதாவது 60 நாள்களுக்குள், தொற்று வந்திருந்தால் மாதந்தோறும் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்தது. அதன்பின் அக்குறைவும் காணப்படவில்லை. இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் எவருக்கும் நமது வீட்டுக் கூடத்துத் தீர்ப்பு எத்துணைப் பொருத்தமற்றது என்பது விளங்கும். கணவன் மனைவி இருவரும் ஒரே வாரத்தில் படுத்து எழுந்திருப்பார்கள். 'உனக்கு வந்ததே' என்ற சொல்லோ ஒருவரை நோக்கி மட்டுமே சொல்லப்படும்.

தடுப்பூசியைப் பற்றிய வதந்தியையும் சொல்லாமல் கடக்க இயலாது. 2020 டிசம்பரில் ஐரோப்பாவில் ஒரு மனு எழுந்தது. கிருமியின் கூர்ப்புரதமும் நஞ்சுக்கொடி உருவாக உதவும் 'சின்சிட்டின்' என்ற புரதமும் ஒத்தவை. ஆகவே தடுப்பூசி தூண்டும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியையும் தாக்கக்கூடும் என்பது அதன் வாதம். இந்தியாவில் 2021 ஜனவரி 3ஆம் நாள் தடுப்பூசிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டபோதே, அவை ஆண்மையைப் பறிக்கும் என்ற வதந்திக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் மறுப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. இவ்வாதத்தை எடுத்துரைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. எதிர்ப்பொருள்தான் கேடு என்றால், அதே கூர்ப்புரதத்தைச் சுமந்துவரும் நோயும் அதே கேட்டைச் செய்தாக வேண்டும். அமெரிக்க மருத்துவர் ராண்டி மோரிஸ் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். தடுப்பூசியால் எதிர்ப்பொருள் பெற்ற பெண்கள், நோயால் பெற்றவர்கள், இரண்டும் இல்லாதவர்கள் என மூன்று சாராருக்கும் உறைகரு வைத்ததன் பலனை ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார். கரு பதியும் விகிதத்தில் மூவரிடையே வேறுபாடு இல்லை. நியூயார்க்கில் தடுப்பூசி போட்டுக்கொண்ட 222 பெண்களையும் போட்டுக்கொள்ளாத 983 பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது. மயாமியில் 45 ஆண்களின் விந்தைத் தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் சோதித்தவர்களும் குறைவு எதையும் காணவில்லை. வதந்தியை நம்பி ஊசியைத் தவிர்த்த ஆண், விந்தணுவைப் பாதிக்கக்கூடிய காய்ச்சலுக்கே தன்னைத் திறந்து வைத்தான் என்பதுதான் இதிலுள்ள முரண்.

இத்தனை ஆய்வுகளும் சிறியவை. சில நூறு பேரைக் கொண்டு முடிவு கட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இவற்றுள் பெரும்பான்மை லேசான நோய்க்கு ஆளானவர்களைப் பற்றியவை. மருத்துவமனையில் மூச்சுக்காற்று செலுத்தப்பட்டு மீண்டவர்களுக்கும், மாதக்கணக்கில் களைப்பும் மூச்சுத்திணறலும் நீடிப்பவர்களுக்கும் இம்முடிவுகளை அப்படியே பொருத்திவிட முடியாது. அவர்களுக்குத் தனிப்பட்ட மதிப்பீடு வேண்டும். ஆனால் சீனத்திலும் பிரான்சிலும் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வெவ்வேறு கைகள் வெவ்வேறு முறையில் அளந்து ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேரும்போது, 'ஒன்றும் தெரியாது' என்று சொல்வதும் நேர்மையாகாது. மேலும், எச்சரிக்கை என்ற பெயரில் காத்திருக்கச் சொல்வதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

2020 மார்ச் 17ஆம் நாள் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவக் கழகம், புதிய சிகிச்சைச் சுற்றுகளைத் தொடங்க வேண்டாம் என்று அறிவுறுத்திற்று. பிரிட்டனில் இத்துறையின் ஒழுங்காணையம் ஏப்ரல் 15க்குள் சிகிச்சைகள் அனைத்தையும் நிறுத்த ஆணையிட்டு, மே 11 முதல் மீண்டும் தொடங்க விண்ணப்பிக்கலாம் என்றது. இந்தியாவில் மார்ச் 25 முதல் ஊரடங்கு. பேருந்து இல்லை, இரயில் இல்லை. வெளியூர் மருத்துவரை நம்பியிருந்த தம்பதியருக்கு மையம் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றே. பின்னர் 2021இன் இரண்டாம் அலை. இடையில் வேலை இழந்தவர்கள், சேமிப்பைச் சிகிச்சைக்கன்றி மருத்துவமனைப் படுக்கைக்குச் செலவிட்டவர்கள், நகையை அடகு வைத்து மீட்க முடியாதவர்கள் எத்தனையோ பேர். செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கும் நாட்டில் ஒரு சுற்று தள்ளிப்போனால் அது தள்ளிப்போவதுதான். சொந்தக் காசில், பெரும்பாலும் கடன் காசில், சிகிச்சை பெறும் நாட்டில் தள்ளிப்போன சுற்று பலருக்கு வராமலே போய்விடும்.

பிரிட்டன் அரசு அந்நாளில் ஒரு சலுகை அளித்தது. உறைய வைக்கப்பட்ட கருக்களையும் கருமுட்டைகளையும் சேமித்து வைப்பதற்கான பத்தாண்டு வரம்பை மேலும் இரண்டாண்டு நீட்டித்தது. நல்ல செயல். ஆனால் உறைகலத்தில் கிடக்கும் கருவின் காலத்தைச் சட்டத்தால் நீட்டிக்க முடிந்தது. காத்திருந்த பெண்ணின் சூலகத்துக்கு அத்தகைய சலுகையை எந்த அரசாலும் வழங்க முடியவில்லை. அந்நாட்டு ஒழுங்காணையம் வெளியிட்ட 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 35 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு வைக்கப்படும் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று குழந்தையாகப் பிறக்கிறது. 43, 44 வயதில் அது இருபதில் ஒன்றுதான். கொரோனா தொற்றியவர்க்கும் தொற்றாதவர்க்கும் இடையே ஆய்வாளர்கள் தேடித் தேடிக் கண்ட வேறுபாட்டை, வயது காட்டும் இந்த வேறுபாட்டின் அருகில் வைத்துப் பாருங்கள். ஒன்று கடுகு, மற்றொன்று மலை. நமது நாட்டில் 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பு வகுத்தது. பெருந்தொற்றில் வாய்ப்பை இழந்தவர்களுள் அவ்வரம்பை நெருங்கிக்கொண்டிருந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்தச் செய்தியும் வரவில்லை. பிறவாத பிள்ளைகளுக்கு இறப்புப் பதிவேடு இல்லை.

இவற்றிலிருந்து செய்யத்தக்கவை என்னவென்று பார்த்தால், அவை கடினமானவையல்ல. முதலாவது, சிகிச்சை தொடங்குமுன் கொரோனா வந்ததா என்று பெண்ணிடம் மட்டும் கேட்காமல் இருவரிடமும் கேட்க வேண்டும்; வந்த நாளையும் கேட்க வேண்டும். அண்மையில் ஆணுக்குக் காய்ச்சல் வந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து அவரது விந்தை மீண்டும் சோதித்துப் பார்ப்பது, பெண்ணுக்கு இன்னும் ஒரு சுற்று ஊசி போடுவதைவிட எளிது, மலிவு, வலியற்றது. இரண்டாவது, உறைகரு கைவசம் உள்ளவர்கள் இரண்டு மாதம் பொறுக்கலாம். ஆனால் வயது நெருக்கும் பெண்ணை, என்றோ வந்து போன தொற்றைக் காட்டி ஓராண்டு பொறுக்கச் சொல்வதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. மூன்றாவது, 'கொரோனாவுக்குப் பிந்தைய சிறப்புப் பரிசோதனை' என்று எவரேனும் விலைப்பட்டியல் நீட்டினால், அதன் முடிவு சிகிச்சையில் எதை மாற்றும் என்று கேளுங்கள். எதையும் மாற்றாத பரிசோதனை பணப்பைக்கு மட்டுமே உரியது.

நான்காவது, வீட்டுக்குரியது, மொழிக்குரியது. சோதனைக்குழாய்ச் சிகிச்சை நல்ல வயதில், நல்ல உடலில், கொரோனாவே தீண்டாதவர்களிடத்தும் ஒரு முறையில் பலிப்பதைவிடப் பலிக்காமற் போவதே அதிகம். அது அந்தச் சிகிச்சையின் இயல்பு. காரணம் தெரியாத தோல்விக்குக் காரணம் தேடுவது மனித இயல்பு; கையெட்டும் தூரத்தில் ஒரு பெயர் கிடந்தால் அதை எடுத்துக்கொள்வோம். முன்பு அது செவ்வாய் தோஷமாக இருந்தது, நாக தோஷமாக இருந்தது, பிறகு கொரோனாவாயிற்று. பெயர் மாறினாலும் சுட்டப்படும் முகவரி மாறுவதில்லை என்பதே நாம் அஞ்ச வேண்டிய செய்தி.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் பிள்ளைப்பேறின்மையை எதிர்கொள்கிறார் என்றது. அது 'ஒருவர்' என்கிறது. ஒருத்தி என்று சொல்லவில்லை. அடுத்த மாதமே, மே 5ஆம் நாள், கொரோனாவுக்கான உலகளாவிய அவசரநிலை முடிவுக்கு வந்ததாகவும் அதே நிறுவனம் அறிவித்தது. கிருமியைப் பற்றிய அறிவிப்பை ஜெனீவாவிலிருந்து வெளியிட முடியும். நமது வீடுகளில் அதன் பெயரால் நடக்கும் விசாரணையை முடித்து வைக்கும் பொறுப்பு, அந்த வீட்டில் சோறு உண்டு, அந்த மொழியைப் பேசும் நம்மிடம்தான் இருக்கிறது. அடுத்த முறை யாரேனும் 'அவளுக்குத்தான் வந்துச்சே' என்று தொடங்கினால், 'அவனுக்கும்தானே வந்தது' என்று ஒரு சொல் சொல்லுங்கள். அறிவியல் இன்று அதைச் சொல்லப் போதிய துணிவைத் தந்திருக்கிறது.